‘குறிஞ்சித் தேன்’ மலைகளில் ஒரு நடைப்பயணம்

பாலக்கோடு வாசகர்: ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ படித்ததிலிருந்து, படகர் இன மக்களின் வாழ்வைச் சொல்லும் அந்நாவலின் நீலகிரிச் சரிவுகளில் நடந்து பார்க்கும் ஆவல் விடவில்லை. தருமபுரியிலிருந்து நால்வர் புறப்படுகிறோம், குறிஞ்சி பூத்திருக்குமா?

அரூர் அன்பர்: நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது, 2018இல் பெருமளவில் பூத்ததால் அடுத்த பூப்பை 2030இல்தான் எதிர்பார்க்கலாம். வேறு குறிஞ்சி வகைகள் இடையில் பூப்பதுண்டு என்றாலும், அவற்றை நம்பித் தேதி குறிக்காதீர்கள். மேலும், நாவலின் புல்வெளிகளில் பெரும்பகுதி இன்று தேயிலைத் தோட்டமாகிவிட்டது. அம்மாற்றமே நாவலின் துயரம் என்பதால், அதையும் பார்க்கத்தான் வேண்டும்.

ஓசூர் நண்பர்: மேட்டுப்பாளையம் வழியே கோத்தகிரிக்குச் சென்று தங்குங்கள், சொந்த வாகனமென்றால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) தேவை. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைய இயலாது; காட்டுத்தீ அச்சமுள்ள கோடையில் நடைபாதைகளை மூடிவிடுவதால், மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரி மாதங்களே ஏற்றவை. ஒகேனக்கல் வெயிலுக்குப் பழகிய நமக்குக் கம்பளி அவசியம்.

பாலக்கோடு வாசகர்: நன்றி ஐயா, டிசம்பரிலேயே புறப்படுகிறோம்.