பிரேசில் போர்த்துக்கேய மொழி பேசுகிறது, நாங்கள் ஏன் பேசவில்லை?

வெள்ளவத்தை அம்மா:
மகள் நேற்றிரவு வரலாறு படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள், போர்த்துக்கேயர் 1505இல் இங்கே வந்தும் நாங்கள் தமிழும் சிங்களமும்தானே பேசுகிறோம், பிரேசில்காரர் மட்டும் ஏன் மாறினார்கள் என்று. எனக்குப் பதில் வரவில்லை. இங்கே கறுவாவுக்காக வந்தார்கள், சரி. அங்கே எதற்காகப் போனார்கள், நிலம் முழுக்க எப்படி அவர்களுடையதானது? பிள்ளைக்குப் பிழையாகச் சொல்லிவிடக் கூடாது, விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஓய்வு ஆசிரியர்:
நல்ல கேள்வி, தங்கச்சி. 1492இல் கொலம்பஸ் தேடிப் புறப்பட்டதே எங்கள் பக்கத்தைத்தான். மேற்கே போனால் ஆசியா வரும் என்று கணக்குப் போட்டார், நடுவில் ஒரு கண்டம் நின்றது. 1494இல் ஸ்பெயினும் போர்த்துக்கலும் டோர்டெசிலாஸ் ஒப்பந்தத்தில் கடலில் ஒரு கோடு கிழித்து, அங்கே வாழ்ந்தவர்கள் ஒருவரையும் கேட்காமலே பங்கு பிரித்துக்கொண்டன. இந்தியாவுக்குப் புறப்பட்ட போர்த்துக்கேய மாலுமி கப்ரால் 1500இல் போகிற வழியில் தொட்ட கரைதான் பிரேசில்.

கொழும்பில் கறுவாவை உரித்துக் கொடுக்க ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள், அதனால் முதலில் ஒரு கோட்டையும் துறைமுகமும் போதும். பிரேசிலில் கரும்புத் தோட்டம் போட வேண்டும், ஸ்பெயின்காரர் பக்கத்தில், இன்றைய பொலிவியாவிலுள்ள பொட்டோசியில் 1545இல் கண்ட வெள்ளியை மலையைக் குடைந்து எடுக்க வேண்டும். அதற்கு நிலமும் வேண்டும், வேலை செய்ய ஆளும் வேண்டும்.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
சேர், அம்மை நோயையும் சொல்லுங்கள், அதை விட்டால் கதையே விளங்காது. 1519இல் மெக்சிக்கோவில் இறங்கிய ஸ்பானியத் தளபதி கோர்டெஸிடம் சில நூறு பேர்தான். அங்கே ஆண்ட அஸ்டெக்குகளோடு காலங்காலமாகப் பகைமையில் இருந்த திலாஸ்கலா மக்கள் ஆயிரக்கணக்கில் அவரோடு சேர்ந்தார்கள், 1520இல் பெரியம்மை பரவியது, 1521இல் அஸ்டெக்குகளின் தலைநகர் விழுந்தது. எங்கள் ஊர்களில் அம்மை பல தலைமுறையாக வந்துபோன நோய், அங்கே ஒரு உடம்புக்கும் அது பழக்கமில்லை, ஊர் ஊராகச் செத்தார்கள். அப்புறம் தோட்டங்களுக்கு ஆபிரிக்காவிலிருந்து ஆட்களைப் பிடித்தார்கள். அத்திலாந்திக்கில் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 இலட்சம், அதிகம் பேர் இறக்கப்பட்டது பிரேசிலில். மகளுடைய கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான் அக்கா. மொழி பேச ஆள் மிஞ்ச வேண்டுமே.

புறக்கோட்டை வாசகன்:
ஆங்கிலேயர் போன விதம் வேறு. 1607இல் வட அமெரிக்காவில் ஜேம்ஸ்டவுன் என்ற குடியேற்றத்தை அமைத்தது பங்கு விற்றுக் காசு சேர்த்த வேர்ஜீனியா கொம்பனி. பொன் கிடைக்கும் என்று போனார்கள், கிடைக்கவில்லை, 1609–10 குளிர்காலத்தில் பெரும்பாலானோர் பட்டினியில் மடிந்தார்கள். பிறகு கைகொடுத்தது புகையிலை, யாழ்ப்பாணத்துத் தோட்டங்களுக்கும் பின்னாளில் வந்து சேர்ந்த அதே அமெரிக்கச் செடி. கடல் கடந்து வரும் ஒவ்வொருவருக்கும் யார் கப்பல் செலவு கொடுத்தாரோ அவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் என்று நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசை விழுத்திய 1619இல்தான் அங்கே இருபது சொச்சம் ஆபிரிக்கர்களைக் கொண்டுவந்து விற்றார்கள். அந்த ஆண்டு எனக்கு மறப்பதில்லை.

வெள்ளவத்தை அம்மா:
எல்லோருக்கும் நன்றி. வாசித்துக் காட்டினேன். அந்த 50 ஏக்கர் முதலில் யாருடையது என்று கேட்கிறாள்.

புறக்கோட்டை வாசகன்:
அங்கே ஏற்கெனவே வாழ்ந்த பவ்ஹாட்டன் பழங்குடி மக்களுடையது. 1622இல் அவர்கள் திருப்பி அடித்ததில் குடியேறிகள் கிட்டத்தட்ட 350 பேர் இறந்தார்கள், 1644இல் மறுபடியும் எழுந்தார்கள். தோற்ற பிறகு 1646இல் எழுதிய ஒப்பந்தத்தின்படி, மிஞ்சியவர்கள் ஆண்டுக்கு 20 பீவர் (நீரில் வாழும் மென்மயிர் விலங்கு) தோல் ஆங்கிலேய ஆளுநருக்குத் திறை கட்ட வேண்டியிருந்தது.