இரணியன் மடியில் பிரகலாதன்: மெலட்டூரில் ஓர் இரவு

தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான பிணக்கை மேடையில் நான் மிக அருகிலிருந்து கண்டது, மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா என்ற நாட்டிய நாடக விழாவில்தான். தஞ்சாவூர் மாவட்டத்து அந்த ஊரில், வரதராஜப் பெருமாள் சன்னிதிக்கு எதிரே, வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய பிரகலாத சரித்திரத்தை, பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்று, விடிய விடிய நடிக்கிறார்கள். அப்பாவுக்குத் துணையாகத்தான் நான் போனேன். அவருடைய கடையை ஏற்று நடத்த நான் மறுத்ததிலிருந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாக எங்களுக்குள் "சாப்பிட்டாயா", "கிளம்புகிறேன்" என்பதற்கு மேல் பேச்சில்லை.

இரணியன் என்றால் மீசையும் உறுமலுமாகத்தான் இருப்பான் என்று நினைத்திருந்தேன். அன்று நடித்தவரோ, குருகுலத்திலிருந்து வந்த பிள்ளையை மடியில் இருத்தி, உச்சி முகர்ந்து, என்ன கற்றாய் என்று கேட்டபோது, வெறும் ஒரு தகப்பனாகத்தான் தெரிந்தார். பாகவத புராணத்திலும் இந்தக் கட்டம் இப்படித்தான் இருக்கிறது: மடியில் வைத்துக் கேட்கிறான், அரியின் பெயரைக் கேட்டதும் அதே மடியிலிருந்து பிள்ளையைத் தரையில் தள்ளுகிறான். எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆனாலும், தள்ளிய பிறகு அந்தக் கை உடனே கீழே இறங்காமல், பிள்ளையின் தலை இருந்த உயரத்திலேயே சிறிது நேரம் நின்றதைப் பார்த்தபோது, மொழிபெயர்ப்பு எதுவும் தேவைப்படவில்லை. பிள்ளையின் தாய் லீலாவதி இருவருக்கும் நடுவே போய் நின்றாள். அப்பா முன்பக்கமாகக் குனிந்து உட்கார்ந்தார்.

இரணியனைக் கொடியவன் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது இந்த நாடகத்துக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன். மகன் மேல் அக்கறை இல்லாதவன் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டான். அவன் கேட்பவையெல்லாம் கேள்வியின் வடிவில் வருகின்றன. ஆனால் அவனுக்கு வேண்டிய விடை ஒன்றே ஒன்றுதான், அதை முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறான். கம்பரின் இரணியன் வதைப் படலத்தில், இறைவன் இந்தத் தூணிலும் இருக்கிறான், நீ சொன்ன சொல்லிலும் இருக்கிறான் என்று பிரகலாதன் சொல்கிறான். தந்தையின் சினத்துக்குள்ளும் தன் தெய்வத்தைக் காணும் அந்தப் பிள்ளைக்கு எதிராக இரணியனின் எந்த ஆயுதமும் செல்லாமல் போவதில் வியப்பில்லை.

கோயிலில் வைத்து வழிபடப்படும் நரசிம்ம முகத்தை, விரதமிருந்தவர் அணிந்து வந்தபோது கூட்டம் எழுந்து நின்றது. நான் மட்டும் இரணியனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடிந்த பின், கொட்டகைக்குப் பின்னால், இரணியனாக நடித்தவர் பாதி கலைந்த ஒப்பனையோடு உட்கார்ந்து, பிரகலாதனாக நடித்த சிறுவனின் கன்னத்து அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணருகே வந்ததும் துணியை விட்டுவிட்டு விரல் நுனியால் துடைத்தார். அப்பாவும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டீக்கடையில் அவர் என்னிடம், "இன்று ராத்திரியும் ஒரு நாடகம் இருக்கிறதாம். இருந்து பார்த்துவிட்டுப் போகலாமா, உனக்கு வேலை ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, என் பதிலுக்காகக் காத்திருந்தார்.