புதுப்பிப்பு: நாலு பேர் வேலை செய்யும் கடைக்குத் தீ அபாய மதிப்பீடு எழுத்தில் வேண்டுமா?

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. லண்டனில் எங்கள் மளிகைக் கடையில் நாலே பேர், தீ அபாய மதிப்பீட்டை எழுதி வைக்க வேண்டுமா என்று கேட்டிருந்தேன். வேண்டும். ஐந்து பேருக்குக் குறைந்தால் தேவையில்லை என்பது பழைய கதை. இங்கிலாந்தில் 2023 அக்டோபர் 1 முதல் எத்தனை பேர் இருந்தாலும் முழுவதையும் எழுதியே ஆக வேண்டும் என்றவர் சொன்னதுதான் சரி.

ஆள் வைத்தே செய்தோம். தீயணைப்பானைத்தான் முதலில் பார்ப்பார் என்று நினைத்தேன். மனிதர் நேராகப் பின்கதவுக்குப் போனார். அங்கே இடுப்பளவுக்குப் பொன்னி அரிசி மூட்டைகள்! அன்றைக்கே நகர்த்தினோம்.

எதிர்பாராதது இன்னொன்று: மேலே வீடுகள் இருப்பதால், அவற்றின் பொதுப் படிக்கட்டுக்குப் பொறுப்பானவரோடும் தகவல் பகிர வேண்டும். மதிப்பீடு செய்தவரின் பெயரும் ஆவணத்தில் இருக்க வேண்டும்.