புதிதாகப் பூட்டிய கம்ப்யூட்டர்: ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை

வெள்ளவத்தை_7:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு நாளாக ஒழுங்கான நித்திரை இல்லை, அதனால் கொஞ்சம் அங்கும் இங்குமாக எழுதுவேன். முதன்முதலாக நானே ஒரு கம்ப்யூட்டர் பூட்டினேன். சிபியூ ரைசன் 5 7600, பி650 மதர்போட், டிடிஆர்5 ராம் 16 ஜிபி இரண்டு, 650 வாட் பவர் சப்ளை, ஒரு டவர் கூலர். கிராபிக்ஸ் காட் இல்லை, அதற்கு இன்னும் காசு சேர வேணும். ராம் இரண்டும் கனடாவிலிருந்து வந்த மாமா கொண்டு வந்தது, மிச்சம் எல்லாம் பம்பலப்பிட்டியில் வாங்கினேன்.

பட்டனை அமத்தினால் எல்லா ஃபேனும் சுற்றுகிறது. மதர்போட் ஓரத்தில் சின்னதாக நாலு லைட் இருக்கிறதே, அதில் டிராம் (ராமைத்தான் சொல்கிறது) என்று எழுதியிருக்கிற மஞ்சள் லைட் எரிந்தபடியே நிற்கிறது. மொனிட்டரில் 'சிக்னல் இல்லை'. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு நிற்பாட்டுவேன், திரும்பப் போடுவேன், திரும்பவும் அதே கதை. இருபது தரமாவது செய்திருப்பேன். ராம் இரண்டையும் சிபியூவுக்குக் கிட்ட இருக்கிற முதல் இரண்டு ஸ்லொட்டில்தான் போட்டிருக்கிறேன், நன்றாக 'கிளிக்' என்று விழுந்தது.

கடைக்குக் கொண்டு போனால் 'ராம் எங்களிடம் வாங்கவில்லையே தம்பி, அதுதான் பிழை' என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள் என்று பயம். மாமாவும் போன கிழமை திரும்பிப் போய்விட்டார், ராம் பழுது என்றால் யாரிடம் மாற்றுவது?

இன்னொரு விஷயம், சம்பந்தம் இருக்கோ தெரியாது. கேஸைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஏதோ ஏறுகிறது. பழைய வீடு, உருண்டைப் பின் சொக்கெட், அதற்குள் ஒரு அடாப்டரைச் செருகித்தான் பாவிக்கிறேன்.

———

இருட்டுக்கு_பழகினவன்:

பவர் சப்ளை போயிருக்கும், வேறு ஒன்றும் இல்லை. 2025 பெப்ரவரியில் பாணந்துறை மின் உபநிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டதே, அன்றைக்குக் கரண்ட் திரும்பி வந்த பிறகு என்னுடையதும் இப்படித்தான், ஃபேன் மட்டும் சுற்றும். 850 வாட் ஒன்று வாங்கிப் போடுங்கள், நிம்மதி.

———

பழைய_ஸ்குரூ:

தம்பி, காசைச் செலவழிக்க முதல் கொஞ்சம் பொறுங்கோ. அந்த நாலு லைட்டும் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. சிபியூ, டிராம், விஜிஏ, பூட் என்று ஒவ்வொரு கட்டமாகச் சோதித்துக்கொண்டு போகும், எதில் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். டிராமில் நிற்கிறது என்றால் சிபியூவுக்குக் கரண்ட் போய், அது வேலையைத் தொடங்கியும் விட்டது. 7600 என்பது 65 வாட் சிபியூ, கிராபிக்ஸ் காட்டும் இல்லை, 650 வாட் தாராளம். மேலே சொன்னவருக்குக் குரங்கில் இருக்கிற கோபம் விளங்குது, ஆனால் இது வேறு வருத்தம்.

முதலாவது, ஒரு நிமிஷத்தில் நிற்பாட்டுகிறீர்களே, அதை விடுங்கோ. ஏஎம்5 (உங்கள் சிபியூ பொருந்துகிற சொக்கெட் வகை) போட்டில் டிடிஆர்5 ராமை முதல் தரம் போட்டால், எந்த வேகத்தில் எந்தத் தாமதத்தோடு பேசினால் பிழையில்லாமல் வரும் என்று சிபியூ ராமோடு பழகிப் பார்க்கும். மெமரி ட்ரெய்னிங் என்பார்கள். அந்த நேரம் திரை கறுப்பாகத்தான் இருக்கும், சில நிமிஷம் எடுக்கும், சிலவேளை பத்து நிமிஷமும் தாண்டும், இடையில் தானாக நின்று திரும்பத் தொடங்கினாலும் பயப்பட வேண்டாம். நீங்கள் ஒவ்வொரு தரமும் இடையில் கரண்டைப் பிடுங்க, அது பாவம் திரும்ப அ, ஆவிலிருந்து தொடங்குது.

இரண்டாவது, ஸ்லொட் பிழை. சிபியூவிலிருந்து எண்ணினால் 2ஆவதும் 4ஆவதும்தான், போட்டில் ஏ2, பி2 என்று இருக்கும். சிபியூவிலிருந்து ராமுக்கு ஏ, பி என்று இரண்டு பாதை, அதைத்தான் சனல் என்பது; முதல் இரண்டில் போட்டால் இரண்டு ராமும் ஒரே சனலில் விழும், பி சனல் சும்மா கிடக்கும். ஒற்றை ராமையும் ஏ1இல் போடக் கூடாது. ஏ1க்குப் போகிற கம்பி ஏ2 வரைக்கும் நீண்டுதான் இருக்குது, நுனியில் ஒன்றும் இல்லாவிட்டால் சிக்னல் அங்கே போய் முட்டித் திரும்பி வந்து குழப்பும். டிடிஆர்5 வேகத்தில் அது பெரிய தலையிடி.

கேபிளை மதர்போட்டின் எச்டிஎம்ஐயில்தானே போட்டிருக்கிறீர்கள்? 7600க்குள் சின்னக் கிராபிக்ஸ் இருக்கிறபடியால் படம் வரும். உள்ளே கிராபிக்ஸ் இல்லாத 7500எஃப் வாங்கியிருந்தால் காட் இல்லாமல் என்ன செய்தாலும் வராது. பயோஸ் (மதர்போட்டுக்குள் இருக்கிற தொடக்க மென்பொருள்) அப்டேட் என்று யாரும் உங்களைக் குழப்பினால் கேட்க வேண்டாம், பி650 போட்டெல்லாம் 2022இல் 7000 வரிசையோடு வந்தது, அதற்குப் பிறகு வந்த சிபியூ போடுகிறவர்கள்தான் அதைப் பார்க்க வேணும்.

அந்தச் சுருசுரு: எர்த் இல்லை. பவர் சப்ளைக்குள் இருக்கிற ஃபில்டர் கப்பாசிற்றர், எர்த் கம்பி எங்கேயும் போகாவிட்டால், 230 வோல்ட்டில் பாதியளவைக் கேஸில் ஏற்றிவிடும். கரண்ட் மிகக் குறைவு, ஆளைக் கொல்லாது. மெமரி லைட்டுக்குக் காரணமும் அது இல்லை. ஆனாலும் எர்த் இல்லாத வீட்டில் உண்மையாகவே ஒரு கம்பி கழன்று கேஸில் பட்டால் உங்களைக் காப்பாற்ற ஒன்றும் இல்லை. அந்த அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு எர்த் உள்ள சொக்கெட்டில் போடுங்கோ, இல்லாவிட்டால் எலெக்ட்ரிஷனைக் கூப்பிடுங்கோ. கேஸைத் திறக்க முதல் பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து செக்கன் அமத்திப் பிடியுங்கோ.

———

வெள்ளவத்தை_7:

நன்றி அண்ணா. கேபிள் சரியான இடத்தில்தான் இருக்கிறது. குசினியில் மட்டும் எர்த் உள்ள சதுரப் பின் சொக்கெட் ஒன்று இருக்கிறது, கேஸைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டேன். அம்மா இடியப்பம் அவிக்கிற நேரம், என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லி முடியாது. சுருசுரு நின்றுவிட்டது.

ஆனால் திரை வரவில்லை. 2ஆம், 4ஆம் ஸ்லொட்டில் போட்டு முழுசாக 25 நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். லைட் அசையவில்லை. பிறகு ஒற்றை ராமை ஏ2இல் போட்டேன், 15 நிமிஷம், ஒன்றும் இல்லை. மற்ற ராமை அதே ஏ2இல் போட்டேன், அதுவும் இல்லை. கடைசியில் சும்மா ஒரு வெறுப்பில் பி2இல் போட்டேன், நாலு நிமிஷத்தில் பயோஸ் வந்துவிட்டது! மற்றதைப் போட்டுப் பார்த்தேன், பி2இல் அதுவும் வருகிறது.

அப்போ ராம் இரண்டும் நல்லது, இல்லையா? மாமாவின் மானம் தப்பியது. ஆனால் ஏ பக்கம் செத்துவிட்டதா, மதர்போட்டை மாற்ற வேணுமா?

———

நிலா_தெஹிவளை:

போட் செத்துவிட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம் தம்பி. எனக்கு இதே கதை நடந்தது, அச்சுக் குத்தினது மாதிரி. ஒரு சனல் முழுசாக இல்லை, மற்றது வேலை செய்கிறது என்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் ராம் ஸ்லொட் இல்லை, சிபியூவுக்குக் கீழே. ராமை நடத்துகிற கொன்ட்ரோலர் சிபியூவுக்குள்தான் இருக்கிறது. ஏ2இலிருந்து வருகிற கம்பி எல்லாம் சிபியூ உட்காருகிற சொக்கெட்டில் இருக்கிற பின் வழியாகத்தான் உள்ளே போகும். ஏஎம்5 சொக்கெட்டில் அப்படி 1718 பின், ஒவ்வொன்றும் தலைமயிர் மாதிரி. இரண்டு மூன்று சரியாகத் தொடாவிட்டாலே ஒரு சனல் காணாமல் போகும், மற்ற எல்லாம் வழக்கம்போல ஓடும்.

கூலரை எப்படி இறுக்கினீர்கள்? டவர் கூலர் என்றால் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் ஸ்குரூ இருக்கும். ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு மற்றதுக்குப் போனால் சிபியூ ஒரு பக்கம் சாய்ந்து அமரும், மற்றப் பக்கப் பின்னில் அழுத்தம் குறையும். முதலில் இரண்டையும் அரைச் சுற்று தளர்த்தி ஏ2இல் ராமைப் போட்டுப் பாருங்கள். வந்தால் விடை கிடைத்துவிட்டது.

வராவிட்டால் கூலரைக் கழற்றி, சிபியூவை எடுத்து, போன் டோர்ச்சைச் சரித்துப் பிடித்துச் சொக்கெட்டைப் பாருங்கள். நேர் மேலே இருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது, சரிவாகப் பிடித்தால் எல்லாப் பின்னும் ஒரே மாதிரி மினுங்கும், வளைந்தது மட்டும் வேறு பக்கம் மினுங்கும். என்னுடையதில் வளைவு இல்லை, சிபியூவைத் துடைத்த துணியின் நூல் ஒன்று கிடந்தது, இவ்வளவு பாட்டுக்கும் காரணம் அது. விரலால் தொடாதீர்கள், ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். பின் வளைந்திருந்தால் நீங்கள் நிமிர்த்தப் போக வேண்டாம், போட்டோ எடுத்துவிட்டுக் கை பழகின ஒருவரிடம் கொடுங்கள். வளைந்த பின்னுக்கு வொறன்டி பேசுவது பெரும்பாலும் வீண் வேலை.

———

வெள்ளவத்தை_7:

அக்கா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இடது பக்க ஸ்குரூவை அது நிற்கிற வரைக்கும் இறுக்கினேன், பிறகு வலது பக்கம் பிடிக்காமல் ஸ்குரூ டிரைவரை முழுப் பலத்தோடு அழுத்தித்தான் ஏற்றினேன். அப்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது, ஆனால் இரவு ஒரு மணி.

தளர்த்தினேன், ஏ2இல் ஒற்றை ராம் ஆறு நிமிஷத்தில் வந்தது. அதற்குப் பிறகு விட மனம் வரவில்லை, எல்லாம் கழற்றிப் பார்த்தேன், பின் ஒன்றும் வளையவில்லை, நூலும் இல்லை. சிபியூவுக்கும் கூலருக்கும் இடையில் இருந்த பழைய பேஸ்ட்டைத் துடைத்து, பயறளவு புதுப் பேஸ்ட் வைத்து, இந்த முறை இடது இரண்டு சுற்று, வலது இரண்டு சுற்று என்று மாறி மாறி இறுக்கினேன். ராம் இரண்டையும் ஏ2, பி2இல் போட்டேன். 32 ஜிபி காட்டுகிறது!

பயோஸில் எக்ஸ்போவை (ராமைக் கூடின வேகத்தில் ஓட விடுகிற செட்டிங்) ஒன் பண்ணி வேகத்தை 6000இல் விட்டேன், திரும்பவும் திரை கறுத்துவிட்டது, கை தன்பாட்டில் பட்டனுக்குப் போனது, நல்ல காலம் தம்பி கையைப் பிடித்து நிற்பாட்டினான். மூன்று நிமிஷத்தில் வந்தது. எலெக்ட்ரிஷன் சனிக்கிழமை வருகிறார், அதுவரைக்கும் கம்ப்யூட்டர் குசினியில்தான்.

———

பழைய_ஸ்குரூ:

சந்தோஷம். 7600க்கு அதிகாரபூர்வமாகச் சொல்கிற ராம் வேகம் 5200தான், 6000 பெரும்பாலும் ஓடும், ஆனால் உங்கள் சிபியூ சொக்கெட் இப்போதுதான் பிழை விட்டுத் திருந்தினது. ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்டை ஒரு இரவு ஓட விடுங்கோ. ஒரு பிழை வந்தாலும் எக்ஸ்போவை ஓஃப் பண்ணித் திரும்ப ஓட்டுங்கோ, அப்போதும் வந்தால் கூலரைத் திரும்பப் பார்க்க வேணும். குசினி ஆவி படாமல் ஒரு பக்கமாக வையுங்கோ.

———

இருட்டுக்கு_பழகினவன்:

அப்போ 850 வாட் வேண்டாமா?

———

வெள்ளவத்தை_7:

கிராபிக்ஸ் காட் வாங்கும்போது கதைப்போம் அண்ணா.