குடியை நிறுத்திய பெண்களுக்கான ஆதரவுக் குழுவை எப்படித் தேடுவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் மதுவை நிறுத்திச் சில மாதங்கள் ஆகின்றன. மருத்துவரின் கண்காணிப்பில்தான் நிறுத்தினேன். உடலளவில் இப்போது பெரிய தொல்லை எதுவும் இல்லை. ஆனால் மாலை நேரங்களிலும், யாரோடாவது மனத்தாங்கல் ஏற்படும்போதும் எழுகின்ற அந்த வேட்கையைத் தனியாகவே எத்தனை காலம் அடக்கிக்கொண்டிருக்க முடியும் என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. மருத்துவரின் யோசனைப்படி ஒரு கூட்டத்துக்குச் சென்றேன். வந்திருந்தவர்களில் ஏறத்தாழ எல்லோரும் ஆண்கள். என்னை மரியாதையாகவே நடத்தினார்கள். ஆயினும், பிள்ளைகள் உறங்கிய பிறகு ஒளித்துவைத்துக் குடித்ததையும், ஒரு தாய் குடிக்கிறாள் என்று தெரிந்தால் ஊர் அவளை என்ன பெயரிட்டு அழைக்கும் என்று நடுங்கியதையும் அங்கே வாய்திறந்து சொல்ல என்னால் இயலவில்லை.

பெண்களுக்கான குழு என்று தேடினால், குடிக்கும் கணவருடன் வாழும் மனைவியருக்கான குழுக்களே மிகுதியாகக் கிடைக்கின்றன. குடித்தது நானாக இருக்கும்போது நான் எங்கே செல்வது? இந்த வழியில் நடந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

முதல் மறுமொழி

சகோதரி, நீங்கள் சொல்லும் குழப்பம் பலருக்கும் ஏற்படுவதுதான். 1951-இல் தொடங்கப்பட்ட அல்-அனான் போன்ற அமைப்புகள் குடிப்பவரின் குடும்பத்தினருக்கானவை. நீங்கள் தேட வேண்டியது, குடியை விட்டவர்கள் தாங்களே கூடிப் பேசும் குழுக்களை. 1935-இல் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ., அவற்றுள் மிகப் பழமையானது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் அங்கே உறுப்பினராவதற்கான தகுதி, கட்டணம் கிடையாது. அதற்குள்ளேயே பெண்கள் மட்டும் கலந்துகொள்ளும் கூட்டங்கள் பல இடங்களில் தனியாக நடக்கின்றன. கூட்ட அட்டவணையில் அவை தனிக் குறியீட்டுடன் இருக்கும். அது உங்கள் கண்ணில் படவில்லையென்றால், அமைப்பின் தொலைபேசி எண்ணை அழைத்து, "குடியை விட்ட பெண் ஒருவருடன் பேச விரும்புகிறேன்" என்று நேரடியாகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். அந்த எண் இருப்பதே அதற்காகத்தான்.

பெண்களை மட்டுமே மனத்தில் கொண்டு உருவான இயக்கமும் ஒன்று உண்டு. 1975-இல் அமெரிக்காவில் ஜீன் கர்க்பாட்ரிக் தொடங்கிய விமன் ஃபார் சோப்ரைட்டி அது. குடியிலிருந்து மீள வருகிற பெண் ஏற்கெனவே குற்ற உணர்விலும் தாழ்வு மனப்பான்மையிலும் நொறுங்கிப்போய்த்தான் வருகிறாள். அவளிடம் இன்னும் பணிவைக் கற்பிப்பதைவிட அவளுடைய தன்மதிப்பை மீட்டுக்கொடுப்பதே முதல் வேலை என்பது அவருடைய எண்ணம். நாள்தோறும் மனத்தில் இருத்திக்கொள்ளும் 13 கூற்றுகளைச் சுற்றி அந்த வழிமுறை அமைந்திருக்கிறது. இதன் கூட்டங்கள் இணையவழியிலும் நடப்பதால் எங்கிருந்தும் சேரலாம். கடவுளையோ உயர்ந்த சக்தியையோ முன்வைக்காத வழி வேண்டுமென்றால், 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிக்கவரியைப் பாருங்கள். எண்ணத்துக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து பழக்கத்தை மாற்றும் உளவியல் பயிற்சிகளே அதன் அடிப்படை.

ஒரே ஒரு கூட்டத்தை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். ஒரே அமைப்பின் இரண்டு குழுக்கள்கூட முற்றிலும் வேறான குணம் கொண்டிருக்கும். நான் கவனிப்பது இதைத்தான்: புதிதாக வந்தவர் பேசும்போது யாராவது குறுக்கிட்டு அறிவுரை சொல்கிறார்களா? மீண்டும் குடித்துவிட்டுத் திரும்பி வந்தவரை எப்படி வரவேற்கிறார்கள்? இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் விடையே அந்தக் குழுவைப் பற்றி எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். சறுக்கியவரை வெட்கப்படவைக்கும் இடத்தில் யாரும் உண்மை பேச மாட்டார்கள்.

இரண்டாம் மறுமொழி

நான் மறுவாழ்வு மையம் ஒன்றில் பணியாற்றும் செவிலியர். கேள்வி கேட்டவர் மருத்துவரின் துணையுடன் நிறுத்தியிருக்கிறார். அதுவே சரியான வழி. இதைப் படிக்கும் வேறு பெண்களுக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர், கூச்சத்தின் காரணமாக யாரிடமும் சொல்லாமல், வீட்டிலேயே திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நிறுத்திய முதல் 2 நாள்களுக்குள் வலிப்பு வரக்கூடும். 2 முதல் 4 நாள்களுக்குள் மனக்குழப்பமும் இல்லாததைக் காண்பதும் காய்ச்சலும் கொண்ட கடுமையான நிலை ஏற்படக்கூடும். ஆகவே முதலில் மருத்துவர், பிறகு குழு. கருவுற்றிருப்பவர்கள் இதை இன்னும் அவசரமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெண்களிடம் நோய் விரைந்து முற்றுவதற்கு உடலியல் காரணங்களும் உண்டு. பெண்ணின் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால், அதே அளவு மது இரத்தத்தில் கூடுதல் செறிவை அடைகிறது. ஆணைவிடக் குறைந்த அளவு, குறைந்த காலம் குடித்தாலும் கல்லீரல் பாதிக்கப்படுகிறது. மார்பகப் புற்றுநோயின் ஆபத்தும் கூடுகிறது. "ஆண்கள் குடிக்கும் அளவோடு ஒப்பிட்டால் நான் குடித்தது ஒன்றுமே இல்லை" என்று பெண்கள் சொல்லும்போதெல்லாம் இதை விளக்குகிறேன்.

வேட்கை அடங்கவில்லையென்றால் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மருந்து எடுத்துக்கொள்வதற்கும் குழுவில் இருப்பதற்கும் முரண் எதுவுமில்லை. மருந்தை விட்டால்தான் உண்மையான மீட்பு என்று ஏதேனும் குழுவில் யாராவது சொன்னால், அந்தப் பேச்சை ஏற்காதீர்கள்.

மூன்றாம் மறுமொழி

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் பெண்களுக்கான குழு கிடைக்கும்வரை எந்தக் கூட்டத்துக்கும் செல்லாமல் காத்திருக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மார்ட்டி மான் என்ற அமெரிக்கப் பெண் 1939-இல் முதன்முதலாக ஏ.ஏ. கூட்டத்துக்கு வந்தபோது, அங்கே பெண்கள் மிக அரிதாகவே இருந்தார்கள். அவர் விலகிப்போகவில்லை, 1944-இல், குடிப்பழக்கம் ஒழுக்கக்கேடு அல்ல, நோய் என்று மக்களுக்கு விளக்குவதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். எல்லோருக்கும் அவருடைய துணிவு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆண்கள் நிறைந்த கூட்டத்திலும், பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு என்பதைத்தான் நினைவூட்டுகிறேன். அங்கே ஒரே ஒரு பெண் இருந்தாலும் அவரிடம் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஸ்பான்சர் எனப்படும் வழித்துணையாகப் பெண்ணுக்குப் பெண்ணே இருப்பது நல்லது என்பது ஏ.ஏ.வில் வழக்கமாகச் சொல்லப்படுவதுதான். புதிதாக வந்த பெண்ணிடம் பழைய உறுப்பினர் ஒருவர் தனிப்பட்ட நெருக்கத்தை நாடுவது சில கூட்டங்களில் நடக்கிறது. அந்த அறிகுறி தென்பட்டால் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்காமல் கூட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

குடியை விடுவதற்காக இரண்டு மூன்று பேர் கூடினாலே, வேறெந்த அமைப்பின் சார்பும் இல்லாதவரை, அது ஒரு குழுதான் என்று ஏ.ஏ. மரபே சொல்கிறது. இன்னொரு பெண் கிடைத்துவிட்டால், வாரம் ஒருமுறை நீங்கள் இருவர் பேசுவதே தொடக்கமாக அமையலாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இணையவழிக் கூட்டத்தில் முதலில் சேரலாம் என்று எண்ணுகிறேன். ஒரே ஓர் அச்சம் மிச்சமிருக்கிறது: அங்கே எனக்குத் தெரிந்த யாராவது இருந்துவிட்டால்?

முதல் மறுமொழி அளித்தவர்

அவரும் உங்களைப் போன்ற காரணத்துக்காகவே அங்கே வந்திருப்பார், சகோதரி. உங்கள் மறைவைக் காப்பதில் அவருக்கும் அக்கறை இருக்கும். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். கேட்டதை வெளியே சொல்வதில்லை என்பது உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் அளிக்கும் வாக்குறுதி. மருத்துவரைக் கட்டுப்படுத்தும் சட்டப்பூர்வமான இரகசியக் காப்பு அதற்கு இல்லை. எனவே பணியிடம், பிள்ளைகளின் பெயர், வழக்கு ஏதேனும் நடந்தால் அதன் விவரம் ஆகியவற்றை முதலிலேயே சொல்ல வேண்டாம். அவற்றை மனநல ஆலோசகரிடம் வைத்துக்கொள்ளுங்கள். இணையக் கூட்டத்தில் முதற்பெயர் மட்டும் போதும், புனைபெயரும் போதும். கேமராவை அணைத்து வைத்திருக்க அனுமதி உண்டா என்று நடத்துபவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கணினியையோ கைப்பேசியையோ வீட்டில் மற்றவர்களும் பயன்படுத்துகிறார்கள் என்றால், திரையில் தோன்றும் நினைவூட்டல்களையும் அணைத்துவிடுங்கள்.