ஏன் ஓடவில்லை?

கசுவோ இஷிகுரோவின் ‘நெவர் லெட் மீ கோ’ நாவலைப் பாதியில் எரிச்சலோடு மூடியவன் நான். மனிதர்களை நகலெடுத்து, ஹெயில்ஷாம் என்ற பள்ளியில் பாசமாக வளர்த்து, ஆளானதும் உறுப்பு உறுப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். சங்கிலி கிடையாது, காவல் கிடையாது. கதை சொல்லும் கேத்திக்கு வயது 31. காரில் ஊர் ஊராகச் சுற்றுகிறாள். ஒருத்தராவது ஓடிப்போகக் கூடாதா? சுரணை கெட்ட ஜென்மங்கள் என்று திட்டிவிட்டு அலமாரியில் செருகினேன்.

அடுத்த ஆண்டு அக்காவுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி குத்த வசதியாக, இடது கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருந்தார்கள். மணிக்கட்டுக்கு மேலே விரலை வைத்தால், தோலுக்கடியில் வண்டு அடைபட்டதுபோல் ரீங்கரிக்கும். அம்மாவுக்குச் சர்க்கரை, அத்தானுக்கு இரத்தக் கொதிப்பு. மிச்சம் நான். “கொடுப்பாயா?” என்று ஒருவரும் கேட்கவில்லை. “எப்போது லீவு போடுகிறாய்?” என்றார்கள். நானும் தேதி சொன்னேன்.

அறுவைக்கு முன் கேமரா எதிரே உட்காரவைத்து, “யாராவது வற்புறுத்தினார்களா?” என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பொய்யில்லை, அக்கா என்றால் எனக்கு உயிர். ஆனாலும் வெளியே வந்து காபி குடிக்கும்போது, வேறு பதில் என் வாயில் வந்திருக்குமா என்று தோன்றியது. அன்றிரவு புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.

அவர்களும் அதைத் தானம் என்றே சொல்கிறார்கள். செத்தால் ‘முடித்துவிட்டார்’. உண்மையாகக் காதலிக்கும் ஜோடிக்குத் தானத்தை மூன்று, நான்கு ஆண்டு தள்ளிவைப்பார்கள் என்ற வதந்தியை நம்பி, கேத்தியின் காதலன் டாமி தான் வரைந்த விலங்குப் படங்களைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு கேத்தியோடு போகிறான். அவன் கேட்கப் போனது வெறும் தவணை. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் படிக்க முடியவில்லை.

அக்கா இப்போது நலம். ஆளுக்கொரு வடு.

*

மேலே எழுதியவருக்கு: நான் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை. என் எரிச்சல் வேறு. நகலெடுப்பைப் பற்றிய நாவலில் ஓர் ஆய்வகம்கூடக் கண்ணில் படவில்லையே! டாலி என்ற நகல் ஆட்டுக்காக 277 கருமுட்டைகளில் செல்லை இணைத்துப் பார்த்து, கடைசியில் 1996 ஜூலையில் பிறந்தது ஒரே குட்டி. அந்தப் பாடெல்லாம் இஷிகுரோவுக்கு ஒரு பொருட்டே இல்லை.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது எடின்பரோவில், ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் டாலியைப் பார்த்தேன். பாடம் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தியிருக்கிறார்கள். பேரன் அதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, “ஆச்சி, ஒரிஜினல் ஆடு எங்கே?” என்றான். டாலி பிறப்பதற்கு முன்பே அது செத்துவிட்டது, உறையவைத்த மடிச் செல்தான் மிஞ்சியது என்றேன்.

“அப்படியானால் டாலி அதைப் பார்த்ததே இல்லையா?”

தன்னை யாரிடமிருந்து நகலெடுத்தார்களோ அவள் இவளாக இருக்குமோ என்று, கேத்தியின் தோழி ரூத் ஓர் அலுவலகத்துக்கு வெளியே நின்று கண்ணாடி வழியே ஒரு பெண்ணைப் பார்ப்பாளே, ஞாபகம் இருக்கிறதா? பிறகு கிட்டத்தில் பார்த்தால் சாயலே இருக்காது. ஊர் திரும்பியதும் அந்த அத்தியாயத்தை மட்டும் மறுபடி படித்தேன். ஆய்வகத்தைத் தேடவில்லை.