பிரிஸ்பேனில் பிள்ளைகளைப் படிக்கவைப்பவர்களே, ஒரு சின்ன உதவி

வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து என் தங்கை குடும்பம் பிரிஸ்பேனுக்குக் குடிவருகிறது. பையனை ஜனவரியில் பிரெப் வகுப்பில் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு) சேர்க்கிறார்கள். தங்கை நன்றாக ஆங்கிலம் பேசுவாள். ஆனால் பள்ளியிலிருந்து வரும் தகவல்களுக்கு அது மட்டும் போதாதே!

‘டாக்ஸ்’ கொடுத்தனுப்பச் சொன்னால் நீச்சல் உடை. அதுவே சிட்னியில் ‘ஸ்விம்மர்ஸ்’, ‘கோஸி’. மெல்போர்ன் பக்கம் ‘பேதர்ஸ்’. ‘பிரிங் எ பிளேட்’ என்று அழைப்பில் இருந்தால், எல்லோரும் பகிர்ந்து சாப்பிட ஏதாவது செய்து எடுத்துப்போக வேண்டும். இதை யாராவது முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வெறும் தட்டோடு போய் நின்றால் பாவம், அவளுக்கு மனசு கஷ்டமாகிவிடும். அப்புறம், படுக்கை விரிப்பு வாங்கக் கடையில் ‘மான்செஸ்டர்’ பகுதிக்குப் போக வேண்டும்.

எனக்குக் குழந்தைகள் இல்லை, அதனால் பள்ளிச் சொற்கள் அவ்வளவாகப் பழக்கமில்லை. குயின்ஸ்லாந்துப் பள்ளி அறிவிப்புகளில் அடிக்கடி வரும் சொற்களைச் சொல்வீர்களா? பள்ளிக் கேன்டீனான ‘டக்ஷாப்’பில் சாப்பாட்டுக்கு எப்படிச் சொல்லிவைப்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பையனுக்கு அடிக்கடி சளி பிடிக்கும். பாராசிட்டமாலை இங்கே ‘பனடோல்’ என்பார்கள் என்று சொல்லிவிட்டேன். மருந்துக்கடையில் தேவைப்படும் வேறு சொற்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.